இரைப்பைப் புண் ஆறும் வகை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர் வயிற்றுநோயைப்பற்றிப் பேசப் புகுந்தது என்னையோ எனச் சிலர் வியத்தல் கூடும். வைத்தியம் எமது தொழிலன்று, நோய்மட்டுமே எம்முடையது. ஈராண்டின் முன், இரவு தோறும் வயிற்றெரிச்சல் மிகவே, மருத்துவர் எண்டாஸ்கோப்பி செய்து பார்த்து, 'இரைப்பையிற் கிருமி உளது. 14 நாள் மாத்திரை உண்க' என்றார். ஆறாம் நாள் நோவு நின்றது. யாமும் மாத்திரையை நிறுத்தினோம். சில திங்களில் நோய் மீண்டது. பிழை எம்முடையதே. நம்மவருட் பலரும் இவ்வாறே செய்துவருதலின் அதனை ஈண்டு மறையாது கூறினோம்.

வயிற்றுநோய்கள் பலவற்றைக் குன்மம் என அடக்கி எண்வகைப்படுத்தினர் சித்த மருத்துவ நூலார். எவரெஸ்ட் சிகரமேற 1922, 1924-ஆம் ஆண்டுகளில் முயன்ற சாமர்வெல் என்னும் ஆங்கில மருத்துவர், இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரிற் பல்லாண்டு பணிபுரிந்து, இந்நோயாளர் மிகப் பலர்க்கு அறுவை செய்தார். அக்காலத்தார் உணவையும் கவலையையும் அமிலத்தையுமே குற்றஞ் சாட்டினர். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இருவர் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என இன்று வழங்கும் கிருமியை வளர்த்துக் காட்டினர். உலகம் நம்பாமையின், 1984-இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியுற்றார்! 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தைத் தணித்துக்கொண்டு, இரைப்பையின் சளிப்படலத்துட் புகுந்து உறைகின்றது.

நம் சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணி எத்தனையோ ஊரார் புண்ணைக் கட்டுகின்றது. இரைப்பையினுள் அது செல்லாது. ஆங்குக் கட்டாவது அச்சளிப்படலமே. அதன் கீழுள்ள மேற்பரப்பு அணுக்கள் சின்னாட்களுக்கொருமுறை புதுப்பிறவி எடுப்பன. ஆயினும் கிருமியொடு பொரக் குவிந்த வெள்ளணுக்கள் உடனே கலைவதில்லை. அவற்றுள் ஒருவகை சில வாரங்களில் விலகும். மற்றொருவகை விலகத் திங்கள் பல ஆகும், சிலர்க்கு ஓராண்டின் மேலும் ஆகும். நலிந்த சுரப்பிகள் பல்லாண்டில் ஓரளவே மீளும். இரைப்பையின் உட்சவ்வு குடற்சவ்வின் இயல்பாக மாறியிருப்பின் அது பெரும்பாலும் மீள்வதில்லை. அத்தகையோர் புற்றுநோய் அச்சங் கருதி மருத்துவர் சொற்படி சோதித்துவரல் வேண்டும்.

ஆகவே நோவு நிற்றல் வேறு. கிருமி ஒழிதல் வேறு. புண் ஆறுதல் வேறு. மருந்தை இடையில் விடுவோமாயின், எஞ்சிய கிருமி அம்மருந்துக்கு அஞ்சாததாய் வளர்தலுங் கூடும். மருந்து முடிந்து நான்கு வாரமேனும் கழித்து மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்தல் வேண்டும். அமிலந் தணிக்கும் மாத்திரையை அதற்கு இரு வாரம் முன்னரே நிறுத்தல் வேண்டும்.

பால் சிறிது நேரம் எரிச்சலைத் தணித்துப் பின் அமிலத்தை மிகுவிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை மருந்தென வாங்குவார் நாவின் பொருட்டென்றே வாங்குக! மில்லில் நின்றுழைக்கும் நம் இளைஞர் முதுகு நோவுக்குக் கடையில் தாமே வாங்கும் வலிமாத்திரைகளோ உட்சவ்வின் காவலைக் குலைப்பன. கீல்போற் கறுத்த மலம் காணின் அன்றே மருத்துவமனை செல்க. அஃது உள்ளே குருதி கசிவதன் அறிகுறியாகலாம்.

இரண்டாம் முறை வேறு மருந்து தந்தனர். எம் மனையாள் நாடோறும் மாத்திரையை எண்ணிவைக்க, 14 நாளும் உண்டோம். ஆறு வாரங்கழித்துச் செய்த சோதனையிற் கிருமி இல்லை என வந்தது. அதன் பின்னரும் சில திங்கள்வரை எரிச்சல் இடையிடையே தோன்றிற்று. மருத்துவரை வினவினோம். 'கிருமி போயிற்று, உட்சவ்வு இன்னும் ஆறிக்கொண்டிருக்கின்றது' என்றார்.