நெஞ்சு நோவை யார் மொழிபெயர்ப்பது?

(போன மாத ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)



எனக்கு 13 வயசா இருக்கேக்க அப்பாவோட ஜீபியிட்டப் போனேன். அப்பா அப்ப லண்டனில ஒரு பெற்றோல் ஸ்டேஷனில இரவு வேலை. "படி ஏறேக்க நெஞ்சை இறுக்குது, நிண்டா விட்டிடுது" எண்டார். பிறகு தானாகவே, "வாய்வாத்தான் இருக்கும்" எண்டும் சொன்னார். நான் இரண்டாவதை மட்டும்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். "இறுக்குது" எண்டதுக்கு எனக்குச் சொல் வரேல்லை. அமிலத்துக்குக் குளிசை தந்து அனுப்பினார்கள். நாலு மாதம் கழிச்சு, வேலையிடத்தில, விடியப்புறம் அவருக்கு மாரடைப்பு வந்தது. நல்லகாலம், தப்பிவிட்டார்.

நான் விட்ட அந்த ஒரு வசனத்தில்தான் நோயே இருந்தது. நடக்கும்போது இறுக்கி, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும் நெஞ்சு நோவுக்கு அஞ்சைனா என்று பெயர். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருக்கும். சும்மா இருக்கும்போது அந்த இரத்தம் போதும். படி ஏறும்போது போதாது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி சாதாரணமாகவே இருக்கலாம். அதனால்தான் நோயாளி தன் வாயால் சொல்வது இவ்வளவு முக்கியம்.

அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அது மாரடைப்பு. அப்ப வாய்வு, ஓமத்தண்ணி எண்டு பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. உடனே 999. ஒவ்வாமை இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பச் சொல்வார்கள். ஈசிஜியும் ட்ரோபொனின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்து, தேவையென்றால் மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டு அடைப்பைத் திறந்து ஸ்டென்ற் வைப்பார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நோவே இல்லாமல், வியர்வையும் மூச்சுத் திணறலுமாக வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"எங்கட ஆக்களின்ர ஜீன் அப்பிடி" எண்டு வீட்டில சொல்லுவினம். 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு ஆபத்தில் சுமார் 90 வீதத்தை ஒன்பது காரணிகளால் விளக்கலாம் என்றது. புகை, பிரஷர், கொலஸ்ரோல், சீனி, வயிற்றுக் கொழுப்பு, மன அழுத்தம் எல்லாம் அதில் அடக்கம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. இந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம், அதே காரணிகள் எங்களிடம் இளவயதிலேயே கூடுதலாக இருப்பது.

சரி, அந்தக் காரணிகள் எங்கிருந்து வருகின்றன? 1953இல் ஜெரி மொறிஸ் லண்டன் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க இருந்து ஓட்டிய சாரதிகளுக்கு இதய நோய் கூட. படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்குக் குறைவு. பிறகு மைக்கல் மார்மொற்றின் வைற்ஹோல் ஆய்வு, அரசாங்க அலுவலகங்களில் கடைநிலை ஊழியர்கள் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்கு வீதத்தில் இதய நோயால் இறந்ததைக் காட்டியது. புகை, பிரஷர் எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி மிஞ்சியது. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சொன்னது: கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் செய்பவரைவிடப் பாரிசவாத ஆபத்து 35 வீதம் கூட. இரண்டு வேலை செய்த எங்கட அப்பாமாரை எண்ணிப் பாருங்கோ.

அதுக்காக, முதலாளித்துவம் ஒழியும்வரை குளிசை போடாமல் இருக்க ஏலாது! பிரஷர் குளிசையும் ஸ்டற்றினும் மலிவானவை, உயிர் காப்பவை. "பிரஷர் நோர்மலாகிட்டுது, குளிசையை நிப்பாட்டிட்டன்" எண்டு அம்மா சொன்னால், நோர்மலாக்கினதே அந்தக் குளிசைதான் எண்டு சொல்லுங்கோ.

உங்களிடம் கேட்பது நாலு விஷயம்.

ஒன்று: இங்கிலாந்தில் 40 வயது தாண்டியவர்களுக்குப் பல பார்மசிகளில் பிரஷர் இலவசமாகப் பார்க்கலாம். ஜீபியில் 140/90, வீட்டில் அளந்த சராசரி 135/85, அதற்கு மேலென்றால் டொக்டரிடம் கதைக்க வேண்டும்.

இரண்டு: 40 முதல் 74 வயது வரை, ஏற்கெனவே இதய நோயோ சீனி வருத்தமோ இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருக்கால் என்.எச்.எஸ். உடல்நலப் பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதத்தைக் குப்பையில் போட விடாதையுங்கோ.

மூன்று: இடுப்பளவு. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் ஆபத்துக் கூடும்.

நான்கு: என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி காசு கட்டத் தேவையில்லை. நேரம் பதியும்போதே கேளுங்கள். இது சலுகை இல்லை, உரிமை. 13 வயசுப் பிள்ளையின் தலையில் அந்தச் சுமை இருக்கக் கூடாது.

வேலை நேரத்துக்கான போராட்டமும் இந்த வேலையும் ஒன்றுதான் என்பது என் கருத்து. அடுத்த ஒன்றுகூடலுக்கு நான் பிரஷர் மெஷின் கொண்டுவாறன். நீங்கள் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ர அப்பாவும் வாறார். தன்ர நெஞ்சைப் பற்றி இந்த முறை அவரே தமிழில கதைப்பார்.