உருகியதா, கரைந்ததா, இளகியதா?

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



'வியாபாரத்தில் தமிழ்' என்று செயலாளர் எங்களுக்குத் தலைப்புக் கொடுத்தார். அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்க எங்களுக்குத் தெம்பில்லை. நாங்கள் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் மளிகைச் சரக்கு வியாபாரிகள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ எடுத்தோம், பிறகு அத்தாவின் கடைக்கே திரும்பிவிட்டோம். தமிழ் படித்ததெல்லாம் தொடக்கப்பள்ளியோடு சரி. அதனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். அந்தச் சொல் எங்களுக்குக் காசு நட்டம் வைத்த சொல்.

சில வருடங்களுக்கு முன்பு, நோன்புக்கு முன்னால், பலகாரக்காரர்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அச்சு வெல்லம் இறக்கினோம். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கொண்டு வந்து கொண்டெய்னரைத் திறந்தால், கீழடுக்குப் பெட்டிகள் எல்லாம் நசுங்கிக் கிடந்தன. வெல்லம் அச்சச்சாக இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி, பிசுபிசுத்து, பெட்டிக்கு ஒரு கட்டியாக இருந்தது. பதற்றத்தில் உடனே படம் பிடித்து, அனுப்பியவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினோம்: "வெல்லம் எல்லாம் கரைந்துவிட்டது."

அவர் பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "கரைஞ்சிருந்தா தண்ணி பட்டிருக்கு பாய். கப்பல்காரங்ககிட்டயும் இன்ஷூரன்ஸ்லயும் கேளுங்க."

எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. இன்ஷூரன்ஸ் தரப்பிலிருந்து சோதனை செய்ய ஒருவர் வந்தார். கொண்டெய்னருக்குள்ளே நின்று கதவைச் சாத்தச் சொன்னார். கூரையில் ஓட்டை இருந்தால் வெளிச்சம் தெரியும் அல்லவா, அதற்காக. தரைப்பலகையைத் தடவிப் பார்த்தார். பெட்டியின் அடியில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டு விட்டார். கடல்நீர் பட்டிருந்தால் அந்த இடம் பால்போல் வெளுக்குமாம். வெளுக்கவில்லை. தண்ணீர் புகுந்த அடையாளம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பணம் கிடையாது. திரும்ப அனுப்பியவரிடமே போனோம். "நீங்கதானே பாய் கரைஞ்சதுன்னு எழுதினீங்க?" என்றார். வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அது என்ன என்று விளங்கியது.

அத்தா கடைக்கு வருவதை அப்போதே குறைத்திருந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு வந்தார்கள். ஒரு துண்டைப் பிய்த்து விரலுக்கு நடுவே உருட்டினார்கள், இழுத்துப் பார்த்தார்கள், நாக்கில் வைத்தார்கள். "இது கரையலப்பா. உருகவும் இல்ல. இளகியிருக்கு. பதம் வர்றதுக்கு முன்னாடியே பாகை இறக்கிட்டான்" என்றார்கள்.

மூன்று சொல், மூன்று காரணம், மூன்று பொறுப்பாளி. தண்ணீர் பட்டுக் கரைந்திருந்தால் கொண்டெய்னர் பழுது. வெயிலிலோ என்ஜின் சூட்டிலோ உருகியிருந்தால் வைத்த இடத்தின் பழுது. ஒன்றும் படாமல் தானாக இளகியிருந்தால் சரக்கின் பழுது. வெல்லப்பாகு சரியாகக் காயவில்லை என்றால் அச்சு இறுகாது. இறுகினாலும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி தளர்ந்துவிடும். பினாங்கின் ஈரக்காற்றைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அத்தா சொல்லச் சொல்ல நாங்கள் இரண்டாவது கடிதம் எழுதினோம். பெட்டியில் நீர்க்கறை இல்லை, மேலடுக்கும் கீழடுக்கும் நடுவில் இருந்ததும் ஒரே மாதிரி இளகியிருக்கிறது, பதம் போதவில்லை என்று. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், அடுத்த சரக்கில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன் என்றார். முழுப் பணமும் வரவில்லை. முதலிலேயே சரியான சொல்லை எழுதியிருந்தால் வந்திருக்கும் என்று அத்தா இன்றைக்கும் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்றிலிருந்து இந்தச் சொற்கள் எங்களை விடவில்லை.

உருகுவது என்றால் சூட்டினால் ஆவது. வேறு எதுவும் கலக்காமல், கெட்டியான பொருள் தானே திரவமாகிறது. மெழுகு உருகும், நெய் உருகும், ஐஸ் உருகும். சூடு போனால் மறுபடி உறையும். தமிழ்ப் பள்ளி அறிவியல் நூலில் உருகுதல், உறைதல் என்று ஜோடியாகப் படித்தோம். கரைவது என்றால் இன்னொன்றுக்குள் போய்க் காணாமல் போவது. உப்பு தண்ணீரில் கரையும், சர்க்கரை தேத்தண்ணியில் கரையும். அதற்கு அடுப்பு வேண்டாம், ஆனால் கரைவதற்கு ஒரு துணை வேண்டும். அதனால்தான் கையில் காசு கரைந்தது என்கிறோம். காசு உருகியது என்று யாரும் சொல்வதில்லை. எங்கேயோ போய்க் கலந்துவிட்டது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

இளகுவது இரண்டுக்கும் முந்திய நிலை. திரவமாகவில்லை, கெட்டியாகவும் இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு நம் வீட்டில் கிண்டும் லேகியம் இருக்கிறதே, சித்த மருத்துவத்தில் அதற்கு இளகம் என்றே பெயர். நன்னிமார்கள் அதை இறக்கும் பதத்தை நினைத்துப் பாருங்கள், சொல்லின் பொருள் கையிலேயே தெரியும்.

இங்கே பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. "வெண்ணெயை உருகினேன்" என்று நம் வீடுகளில் கேட்கிறது. வெண்ணெய்தான் உருகும், நாம் அதை உருக்குவோம். "நான் உருகினேன்" என்றால் வேறு அர்த்தம், வாப்பா உம்மா விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொன்று, 'கறைந்தது' என்று வல்லின றகரம் போட்டு எழுதாதீர்கள். கறை சட்டையில் படுவது.

தமிழ் கஷ்டம், மலாய் சுலபம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் மலாயிலும் இதே கணக்குத்தான். ஐஸ் சாயிர் ஆகிறது, சர்க்கரை லாருட் ஆகிறது, இரும்பு லெபுர் ஆகிறது. உருகுநிலைக்குத் தாக்காட் லெபுர், கரைசலுக்கு லாருத்தான் என்று பரீட்சையில் சரியாக எழுதி மார்க் வாங்குகிற பிள்ளை, வீட்டுக்கு வந்து "ஐஸ்கிரீம் சாயிர் ஆயிடுச்சு" என்கிறது. வித்தியாசம் தெரியாமல் இல்லை. தமிழில் அதைச் சொல்லும் பழக்கம்தான் போய்விட்டது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை.

உருக்குகிற வேலையால் வளர்ந்த ஊர் நம்முடையது. பேராக்கின் லாருட் வயல்களில் எடுத்த ஈய மணல் பினாங்குக்குத்தான் வந்தது. டத்தோ கிராமாட் சாலையில் லீ சின் ஹோ 1897-இல் ஈயம் உருக்கும் ஆலையைத் தொடங்கினார். 1907-இல் அது ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் கம்பெனியானது. இன்றைக்குப் பினாங்கு டைம்ஸ் ஸ்கொயரில் கார் நிறுத்த இடம் தேடுகிறோமே, அந்த இடம்தான். அக்கரையில் பட்டர்வொர்த்தில் 1902-இல் இன்னொரு ஆலை வந்தது.

நம்மவர்களுக்கு ஈயத்தோடு வேறொரு உறவும் உண்டு. கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்கும் செம்பு தேக்சாவுக்கு ஈயம் பூசாவிட்டால் களிம்பேறிவிடும். தேக்சாவைச் சூடேற்றி, நவச்சாரம் தேய்த்து, ஈயத்தைத் தொட்டால் அந்தச் சூட்டிலேயே உருகி ஓடும். பஞ்சால் ஒரே இழுப்பில் பரத்த வேண்டும். வெள்ளீயம் உருக 232 டிகிரி போதும். காரீயத்துக்கு 327. இரண்டையும் சரியான அளவில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். பாலிடெக்னிக் பட்டறையில் இதைப் படித்தபோது, ஒன்றோடொன்று சேர்ந்தால் இரண்டும் சீக்கிரம் உருகும் என்பது எங்களுக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்தது. அந்தக் கலவையை வைத்துத்தான் ரேடியோக்காரர்கள் கம்பியைப் பற்ற வைத்தார்கள்.

எங்களை அதிகம் வியக்க வைத்தது இரும்பு. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். தமிழில் எஃகுக்கு இன்னொரு பெயர் உருக்கு. உருக்கி எடுத்தது என்பதே பொருளின் பெயராகிவிட்டது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்கால இரும்பு, எஃகு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கன்னடத்தில் இதையே உக்கு என்பார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது வூட்ஸ் ஆயிற்று. நம் பக்கத்து எஃகு அரபு நாடுகளுக்குக் கப்பலேறியது. இந்திய எஃகில் அடித்த வாளுக்கு அரபியில் முஹன்னத் என்று பெயர். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். அரபுநாட்டுப் பெயர் என்று நினைத்துத்தான் வைக்கிறோம், அதற்குள்ளே ஹிந்த் இருக்கிறது.

குர்ஆனிலும் இந்த வித்தியாசம் வருவதை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தவறாகச் சொன்னால் இங்கே இருக்கும் ஹஜ்ரத்மார்கள் திருத்துவார்கள். ஸூரத்து ஸபஇல் தாவூது நபிக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டது என்று வருகிறது, அது இளகியது. அடுத்து சுலைமான் நபிக்குச் செம்பு ஊற்றாக ஓடியது என்று வருகிறது; அது உருகியது. வெள்ளிக்கிழமை ஓதும் கஹ்ஃபு ஸூராவில், துல்கர்னைன் இரும்புப் பாளங்களை அடுக்கி, ஊதி நெருப்பாக்கி, அதன்மேல் உருகிய செம்பை ஊற்றிச் சுவர் எழுப்பினார். இரும்பைச் சிவக்கக் காய்ச்சினார், செம்பை உருக்கினார். செம்புக்கு 1085 டிகிரி, இரும்பைவிட மிகவும் குறைவு. பற்றவைக்கும் வேலை தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

மனத்துக்கு மட்டும் மூன்று சொல்லும் பொருந்துகிறது. இளகிய மனம் என்கிறோம், அழுகையில் மனம் கரைந்தது என்கிறோம், உள்ளம் உருகி துஆ கேட்டார் என்கிறோம். இதில் எது பெரியது என்று நாங்கள் கடையில் வாதாடியிருக்கிறோம். அண்ணன் கரைவதுதான் என்பார், மிச்சமில்லாமல் போவதால். அத்தா உருகுவதுதான் என்றார்கள். "உருகினது தன் குணம் மாறாது, தங்கம் உருகினாலும் தங்கம்தானே" என்றார்கள். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஈயம் பூசியவர்கள், நகை செய்தவர்கள், பெரிய சட்டியில் ஆக்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வாயில் உள்ள வேலைச் சொற்களை மாலை வகுப்புப் பிள்ளைகள் போய்க் கேட்டு எழுதி வரட்டும். நோட்டுப் புத்தகமும் பேனாவும் எங்கள் கடையிலிருந்து வரும், இன்ஷா அல்லாஹ். எங்கள் சரக்கறையில் அத்தா கையெழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம்: 'தண்ணி பட்டா கரைஞ்சது. சூடு பட்டா உருகுனது. ஒண்ணுமே படாம போனா இளகுனது.' வேலைக்கு வரும் பையன்கள் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறார்கள்.

கீழே இறங்குவதற்கு முன் மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை கை தூக்குகிறார். செண்டோலில் ஊற்றுகிற குலா மெலாக்கா உருகியதா, கரைந்ததா என்று கேட்கிறார். நல்ல கேள்வி, மகனே. சட்டியில் முதலில் தண்ணீர் ஊற்றினார்களா, குலாவைப் போட்டார்களா என்று பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.