சுவர் சாயும் முன்னே...

 

 

குடியிருக்கும் வீட்டை அமைதிக்குரிய இடமாக ஆக்கித் தந்ததை அல்லாஹுத் தஆலா தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் நினைவூட்டுகின்றான். அருட்கொடைக்கு நன்றி செலுத்துவது நாவோடு முடிந்துவிடுவதில்லை. தரப்பட்டதைப் பாழாகாமல் காப்பதும் நன்றியே ஆகும். ஐப்பசி மழைக்கு முன்னால் இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

நமது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்ட பழைய வீடுகளை இன்றும் ஆங்காங்கே காணலாம். கூரை தாழ இறங்கியிருக்கும். மழைநீர் சுவரில் படாமல் தள்ளி விழுவதற்காகவே அவ்வாறு அமைத்தார்கள். தரையைச் சாணமிட்டு மெழுகுவார்கள். சுவரில் மண் உதிர்ந்த இடத்தை உடனே பூசுவார்கள். மக்கிய புல்லை நீக்கிப் புதிதாக வேய்வார்கள். மண்வீடு தனக்குரிய கடமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கொடுக்காவிட்டால் அடுத்த மழையிலேயே ஒழுகிக் காட்டிவிடும்.

கான்கிரீட் வீடு அப்படிக் கேட்பதில்லை. பல ஆண்டுகள் மௌனமாக நிற்கும். அந்த மௌனத்தைப் பலம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 2024ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030ஆம் ஆண்டுக்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகளை இலக்காகக் கொண்டது, வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. குடிசைகள் உறுதியான வீடுகளாவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கட்டி முடித்த மறுநாளிலிருந்து அதனைக் காக்கும் பொறுப்பு குடியிருப்போருடையது.

நெஞ்சை உலுக்கிய வெள்ளிக்கிழமை

2021ஆம் ஆண்டு நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்த நாள். பாலாற்றின் தென்புறம் நம் மலை. வடபுறம் வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டு. அவ்வூரில் அன்று காலை கனமழையில் ஒரு வீடு இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். மறைந்தோரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு மறுமையின் உயர்பதவிகளை வழங்குவானாக! எஞ்சியிருக்கும் நாம் நம் தலைக்கு மேல் உள்ளதை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

வீட்டின் எதிரி தண்ணீர்

மொட்டைமாடியில் சருகு அடைத்த ஒரு வடிகுழாய் போதும். நீர் தேங்கும், தளத்தின் மெல்லிய வெடிப்பு வழியே உள்ளே இறங்கும், கம்பியைத் தொட்டுத் துருவேற்றும். துருவேறிய இரும்பு பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளும். ஒருநாள் காரை பெயர்ந்து கீழே உறங்கும் பிள்ளையின் மீது விழும். தொடக்கத்தில் இதற்கு மருந்து ஒரு துடைப்பமும் அரைமணி நேர உழைப்பும்தான்!

எனவே புரட்டாசி முடிவதற்குள் மாடிக்கு ஏறுங்கள். வடிகுழாய்களைச் சுத்தம் செய்யுங்கள். சுவரிடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால், வேர் பருக்கும் முன் வேரோடு அகற்றி இடுக்கைப் பூசிவிடுங்கள். கைப்பிடிச் சுவரை அசைத்துப் பாருங்கள். தடுப்பில்லாத மாடியில் உறங்குவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளதை மறந்துவிட வேண்டாம். மாடிநீர் சுவரோரம் தேங்காமல் விலகி ஓட வழி செய்யுங்கள்.

சுவரில் விரிசல் கண்டால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியைக் குறித்துவையுங்கள். கோட்டைத் தாண்டி அது நீண்டால், பூசி மறைக்காமல் விவரமறிந்த பொறியாளரிடம் காட்டுங்கள். ஓதம் ஏறிய சுவரில் மின்விசைப் பலகை இருந்தால் ஈரக்கையால் தொடாதீர்கள், மின்பணியாளரை அழையுங்கள். சுவர் வயிறு தள்ளி நின்றால் அந்த அறையில் அன்றிரவு எவரையும் படுக்கவைக்காதீர்கள். மழை நின்றுவிட்டது என்று நிம்மதி கொள்ளவும் வேண்டாம். ஊறிய மண்சுவர் வெயிலடித்த பின்னும் விழுவதுண்டு.

கூலி கேட்காத பணி

கஹ்ஃபு அத்தியாயத்தை ஜும்ஆ நாள்தோறும் ஓதுகிறோம். மூஸா (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் ஓர் ஊருக்குச் செல்கிறார்கள். அவ்வூரார் உணவளிக்கவும் மறுக்கிறார்கள். அங்கே விழும் நிலையில் இருந்த சுவர் ஒன்றை ஹிள்ரு (அலை) அவர்கள் கூலி பெறாமல் நிமிர்த்தி வைக்கிறார்கள். அது இரண்டு அநாதைச் சிறுவர்களின் சுவர் என்பது பின்னர்தான் தெரிகிறது.

அன்பர்களே! அச்சுவர் விழுந்த பின் அவர்கள் வரவில்லை. விழும் முன்னே நிமிர்த்தினார்கள். அதுவும் தம் வீட்டுச் சுவரன்று. நம் மஹல்லாவில் கணவனை இழந்த பெண்மணியின் சுவர் எவ்வாறு நிற்கிறது? மாடியேற முடியாத முதியவரின் வடிகுழாயை யார் சுத்தம் செய்வது? வாடகையை மாதந்தோறும் எண்ணி வாங்கும் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் மூன்று முறை சொல்லியும் ஒழுகும் கூரையைப் பார்க்கவில்லையென்றால் நாளை இறைவனிடம் என்ன சொல்வார்? இடிந்த பின் நிவாரண நிதி திரட்டுவதில் நம் சமுதாயம் சளைத்ததன்று. இடியும் முன் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கித் தருவதற்கும், கரண்டி பிடிக்கத் தெரிந்த நான்கு இளைஞர்களை அனுப்புவதற்கும் ஜமாஅத்தார் முன்வர வேண்டும்.

நம் கூரையின் கீழ் உறங்குவோர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணவும், அண்டை வீட்டாரின் சுவரையும் நம் சுவராகக் கருதவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.