இல்லமே வகுப்பறையாகும்போது



கல்வி தேடுவதற்கு வயது வரம்பு இல்லை. நபித்தோழர்களில் பலர் குடும்பப் பொறுப்பைச் சுமந்துகொண்டே மார்க்கம் கற்றனர். உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் வசித்தார்கள். அவர்களும் அண்டை வீட்டு அன்ஸாரித் தோழரும் முறைவைத்து நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் சென்றனர். சென்றவர் தாம் கேட்டதை மற்றவருக்குச் சொன்னார். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

தொலைவிலிருந்து கற்பது நமது கடலூர் மாவட்டத்திற்கும் புதியதன்று. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. பணியில் இருந்தோரும் இல்லத்தரசிகளும் அஞ்சலில் வந்த பாடங்களைப் படித்தனர். நேர்முக வகுப்புகளில் ஐயம் தெளிந்தனர். 2020-இல் கொரோனாப் பொதுமுடக்கம் வந்தபோது வகுப்பறையே கைபேசித் திரைக்குள் புகுந்தது. இன்று இணையவழியிலேயே பட்டம் பெறலாம். 2017-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பல பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம்.

ஆயினும் வகுப்பறையில் பழகியவருக்கு இம்மாற்றம் எளிதன்று. அங்கே மணியோசையும் ஆசிரியரின் பார்வையும் நம்மை அமர்த்திவைக்கும். வீட்டிலோ அடுப்பில் பால் பொங்கும், குழந்தை அழும், ஒரே கைபேசிக்கு நால்வர் போட்டியிடுவர். அப்போது முதலில் விட்டுக்கொடுப்பவர் யார்? பெரும்பாலும் அவ்வீட்டுத் தாய்தான். பாடங்கள் தேங்கும். "இந்த வயதில் படிப்பு எதற்கு?" என்னும் ஒரு சொல் அவரை நிறுத்தியே விடும்.

குடும்பத்தாரே! நபி (ஸல்) அவர்கள் வீட்டுப் பணிகளில் தம் குடும்பத்தாருக்கு உதவினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரத்தை அத்தாய்க்கென ஒதுக்குங்கள். அந்நேரத்தில் கைபேசி அவருக்குரியது. அடுப்பும் குழந்தையும் உங்கள் பொறுப்பு.

கற்போரே! உமர் (ரலி) அவர்களைப் போல் ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். ஒருவர் தவறவிட்ட பாடத்தை மற்றவர் எடுத்துரைக்கட்டும். விளங்காததைக் குறித்துவைத்து, தயங்காமல் ஆசிரியரிடம் கேளுங்கள். சேருமுன் அப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உள்ளதா என விசாரியுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகள் குறித்தே 2022-இல் அக்குழு எச்சரிக்கை விடுத்ததை மறந்துவிடாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் கடலூரிலும் சிதம்பரத்திலும் மாலையில் பூட்டிக் கிடக்கும் மதரஸா அறை ஒன்றேனும் இருந்தால், அதை இத்தகையோருக்குத் திறந்துவிடுங்கள். வீட்டில் கிடைக்காத அமைதி அங்கே கிடைக்கட்டும்.

பயனுள்ள கல்வியையும், கற்போருக்குத் துணைநிற்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.