சுதந்திரம் எந்த வருஷம் மலை ஏறிச்சு?

(குறுவளமையக் கூட்டத்தில் வத்தல்மலைப் பகுதி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சின்னப் பள்ளிகளில் சுதந்திர தினத்தை எப்படிக் கொண்டாடலாம் என்று பேசச் சொன்னார்கள். நாங்கள் அதை ஒரு வருடம் எப்படிச் சொதப்பினோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆகஸ்ட் மாதம் எங்கள் மலையில் மூடுபனியும் சாரலும் இருக்கும். அன்று காலையிலேயே கொடிக்குள் பூ வைத்து மடித்து, முடிச்சுப் போட்டுக் கம்ப உச்சியில் கட்டிவிட்டோம். விழா தொடங்குவதற்குள் நல்ல மழை. முடிச்சு ஊறி இறுகிவிட்டது. தலைமையாசிரியர் இழுக்கிறார், நான் இழுக்கிறேன், அவிழவில்லை. பிள்ளைகள் வணக்கம் வைத்த கையோடு நிற்கிறார்கள். கடைசியில் கொடியைக் கீழே இறக்கி, அவிழ்த்து, மறுபடி ஏற்றினோம். எனக்கு ஒரே அவமானம். பிறகுதான் தெரிந்துகொண்டேன், ஆகஸ்ட் 15க்கு அதுதான் மரபு. அன்று கொடியைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். உச்சியில் கட்டி விரிப்பது ஜனவரி 26க்கு உரியது. மழை எங்களுக்குச் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுத்தது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

கொடி விஷயம் போகட்டும். அன்று நான் 1947 பற்றிப் பேசி முடித்ததும், ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், சுதந்திரம் எந்த வருஷம் மலை ஏறிச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவளுடைய பாட்டி காலத்தில் ரேஷன் அரிசி கழுதை முதுகில்தான் மேலே வந்தது. உடம்பு சரியில்லாதவரைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். தார்ச்சாலையே அவள் அப்பா காலத்தில்தான் வந்தது. எல்லாமே கீழே வந்து பல வருடம் கழித்துத்தான் மேலே வரும் என்பது அவள் வீட்டில் எல்லோரும் அறிந்த கணக்கு. சுதந்திரமும் அப்படித்தானே வந்திருக்கும் என்று கேட்டாள். மனப்பாடம் செய்து பேசிய என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

அடுத்த ஆண்டு ஜூலை 23 அன்றே சுதந்திர தின வேலையைத் தொடங்கினோம். அது சுப்பிரமணிய சிவாவின் நினைவு நாள். 1925இல் அவர் உயிர் பிரிந்தது நம் பாப்பாரப்பட்டியில். வ.உ.சி.யோடு 1908இல் கைதாகி, சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி வெளியே வந்தவர். ரயிலில் ஏறக் கூடாது என்று அரசு தடுத்தபோது நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. வண்டி கிடைக்காமல் நடப்பது என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் காலத்தில் தருமபுரி தனி மாவட்டமாகக்கூட இல்லை, சேலத்தோடு இருந்தது, 1965இல்தான் பிரிந்தது என்பதையும் அந்தப் பாடத்திலேயே சேர்த்துவிட்டேன்.

ஜூலை 23க்கும் ஆகஸ்ட் 15க்கும் இடையில் 23 நாட்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வர வேண்டும்: எது, எப்போது நம் ஊருக்கு வந்தது? பள்ளிக்கூடம், கரண்ட், சாலை, தண்ணீர்க் குழாய், ஊரிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போன பெண். பெரியூர்ப் பாட்டி ஒரு வருடம் சொல்வார், சின்னாங்காட்டுத் தாத்தா வேறு வருடம் சொல்வார். "எங்க மூத்தவன் பொறந்த வருஷம், காபிச் செடி வெச்ச வருஷம்" என்றுதான் கணக்கு வரும். அதை ஆண்டாக மாற்றுவதற்குள் பிள்ளைகள் கணக்கும் வரலாறும் சேர்த்தே படித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் சார்ட்டில் எழுதி வராந்தாச் சுவரில் ஒட்டினோம். ஒரு பக்கம் காலியாக விட்டோம், இன்னும் வராதவற்றுக்கு. அந்தப் பக்கம்தான் முதலில் நிரம்பியது.

அதில் பெரிய எழுத்தில் இருந்தது ஓடையின் மேல் ஒரு சிறுபாலம். மழைக்காலத்தில் ஒரு குக்கிராமத்துப் பிள்ளைகள் அந்த ஓடையைத் தாண்டித்தான் பள்ளிக்கு வர வேண்டும். வருகைப்பதிவேட்டைப் பார்த்தாலே மழை பெய்த நாள் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 15 கிராம சபை கூடும் நாளும் கூட. நாம் மிட்டாய் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அது தொடங்குகிறது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அதில் ஓட்டில்லை. ஆனால் உட்கார்ந்து பார்ப்பதில் தவறில்லை. அந்த ஆண்டு எங்கள் பெற்றோர்கள் மனு கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவி எழுந்து, எந்தெந்த நாளில் எத்தனை பேர் வரவில்லை என்று வாசித்தாள். குரல் நடுங்கியது. பெரியவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். குடிமையியல் பாடத்தை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

இன்னொன்று, கொடியை யார் ஏற்றுவது? சின்ன விஷயமாகத் தெரியும். பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் பாகுபாடில்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி 2022 ஆகஸ்டில் நம் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பிள்ளைகள் அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். எங்கள் பள்ளியில் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஏற்றுகிறார். முதல் முறை கூப்பிட்டபோது, "எனக்கு எதுக்குங்க சார், படிச்சவங்க ஏத்தட்டும்" என்றார். அவருடைய மகள் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

மிட்டாயை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு வருடம் நம் மலைச் சாமையில் பாயசம் வைத்தோம். ரசித்துக் குடித்துவிட்டு, "மிட்டாய் எங்க சார்?" என்று வரிசையில் நின்றார்கள். மாறுவேடப் போட்டியை விட்டுவிட்டோம். உடை வாடகைக்கு எடுக்க மலை இறங்கி ஏற வேண்டும். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைதான் காந்தி ஆகும்.

சிறுபாலம் இன்னும் வரவில்லை. தீர்மானத்தின் நகலைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஜனவரி 26 கிராம சபையில் அது என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தி, மலை ஏறிய கதையைக் கேட்டாளே, அந்தப் பெண்தான். இப்போது ஏழாவது படிக்கிறாள்.