துளை நான்கும் சரி, சக்கரம் சரியா?



இந்தக் கூட்டத்தில் டாக்சி ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். சாலை பஜாரில் சுமை இறக்குகிறவர்களும் வந்திருக்கிறீர்கள். "எங்களிடம் காரே இல்லை, எங்களுக்கு எதற்குச் சக்கரத்தைப் பற்றிய பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால், காரில் ஏறாதவர் யார்? ஆஸ்பத்திரிக்குப் போக ஏறுகிறோம். கல்யாணத்துக்குப் போக ஏறுகிறோம். பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏறுகிறோம். அந்த வண்டி நான்கு சக்கரத்தில்தான் ஓடுகிறது. சக்கரமோ நான்கு நட்டில் நிற்கிறது.

ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். யாரையும் சுட்டிச் சொல்லும் கதை அல்ல இது. எந்த வாரமும் நடக்கக்கூடியது.

தம்பானூரில் இருந்து ஒரு மாருதி டிசையர் டாக்சி புறப்படுகிறது. வண்டியில் ஒரு குடும்பம். பொன்முடி மலையைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் நாகர்கோவில் போய்ச் சேர வேண்டும். 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒழுங்காக இறங்கிக் கல்லாறு வந்தாயிற்று. அங்கே முன்பக்க இடது சக்கரம் பஞ்சர். ஓட்டுநர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுக்கிறார். அதிலும் காற்று இல்லை. (ஸ்டெப்னிக்கு மாதம் ஒரு முறை காற்றுப் பார்க்கும் ஓட்டுநர்களை எண்ணினால் கை விரல்கள் மிஞ்சும்.)

பின்னால் ஒரு டொயோட்டா எடியோஸ் டாக்சி வருகிறது. அதன் ஓட்டுநர் இளைஞர். வண்டியை நிறுத்தி இறங்குகிறார்.

"அண்ணாச்சி, என் ஸ்டெப்னியைப் போட்டுக்கிடுங்க. நாலு நட்டுதானே, ஏறிரும்."

"டொயோட்டாவும் மாருதியும் ஒண்ணா தம்பி?"

"ஏத்திப் பாப்போம் அண்ணாச்சி."

ஏற்றிப் பார்க்கிறார்கள். ஏறிவிடுகிறது! நான்கு துளையும் நான்கு ஸ்டட்டில் போய் உட்காருகிறது. இனி நாகர்கோவில் வரை போகலாமா?

பதிலைப் பிறகு பார்ப்போம். முதலில், ஒரு வண்டியின் சக்கரம் இன்னொரு வண்டியில் எப்படி ஏறுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று தெரிய வேண்டும்.

ஒன்றை இன்னொன்றில் பொருத்துவது திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசின் பஸ் சர்வீஸ் இங்கே தொடங்கியது. சேசிஸ் இங்கிலாந்தில் இருந்து வந்த காமர் கம்பெனியுடையது. அதன்மேல் பாடி கட்டியது இந்த ஊர். அளவு பார்த்துக் கட்டினால் வேறு நாட்டுச் சேசிஸும் நம் ஊர் மரமும் ஒன்றாக ஓடும்.

கார்களில் ஒரு காலத்தில் இந்தக் கேள்வி அதிகம் எழவில்லை. அம்பாசிடருக்கு 15 அங்குல ரிம். பிரீமியர் பத்மினிக்கு 14 அங்குலம். பார்த்தாலே வித்தியாசம் தெரியும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்கு 12 அங்குலச் சின்னச் சக்கரம். அதைக் கொண்டுபோய் அம்பாசிடரில் மாட்ட யாருக்கும் தோன்றாது. 2014இல் மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் நின்றது. இன்று ரோட்டில் ஓடும் கார்கள் பலவும் 14, 15 அங்குல ரிம் உள்ளவை. தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாச் சக்கரமும் ஒன்றுபோல் இருக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சக்கரத்தின் நடுவே நட்டுத் துளைகள் வட்டமாக இருக்கின்றன அல்லவா? அந்தத் துளைகளின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தின் குறுக்களவைக் கடைக்காரர்கள் பி.சி.டி. என்று சொல்வார்கள். நான்கு துளைச் சக்கரத்தில் இதை அளப்பது எளிது. ஒரு துளையின் வெளி விளிம்பில் இருந்து எதிர்த் துளையின் உள் விளிம்பு வரை அளந்தால் போதும்.

டிசையர், எடியோஸ், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஐ10 ஆகியவற்றுக்கு இந்த அளவு 100 மில்லிமீட்டர். பழைய ஃபியட் உனோ, பாலியோ கார்களுக்கு 98. ஃபோர்டு ஐகானுக்கு 108. மாருதி 800க்கு 114.3. இது என்ன விசித்திரமான எண் என்று கேட்கலாம். 114.3 மில்லிமீட்டர் என்றால் சரியாக நாலரை அங்குலம். அங்குலக் கணக்கில் செய்ததை மில்லிமீட்டரில் சொல்வதால் புள்ளி வந்துவிட்டது.

108ஐ 100இல் மாட்ட முடியாது. ஸ்டட்டே நுழையாது. எனவே அதில் ஆபத்தும் இல்லை. பயப்பட வேண்டியது 98க்கும் 100க்கும் உள்ள உறவுக்குத்தான். பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். துளையில் இருக்கும் சிறு இடைவெளியால் உள்ளே போய்விடும். ஸ்பேனரை அழுத்தித் திருகினால் இறுகியதுபோலவும் தெரியும். ஆனால் போல்ட் நேராக நிற்காது, சற்றுச் சாய்ந்து நிற்கும். சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் அந்தச் சாய்வு போல்ட்டை வளைக்கும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பீர்களே, அதே வேலைதான். தையல் டேப்பில் இந்த 2 மில்லிமீட்டர் தெரியாது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்க வேண்டும்.

துளை சரியாக இருந்தால் போதுமா? போதாது. சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய துளை உண்டு. வண்டியின் ஹப் அதற்குள் நுழைந்து சக்கரத்தை நடுவில் நிறுத்தும். டிசையரின் ஹப்புக்கு ஏற்ற துளை 54.1 மில்லிமீட்டர். ஹோண்டா சிட்டிக்கு 56.1. டிசையரின் சக்கரம் சிட்டியில் நுழையாது. சிட்டியின் சக்கரம் டிசையரில் தாராளமாக நுழையும், ஆனால் தொளதொளவென்று இருக்கும். ஊரோடு மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகம் வந்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். இந்த இடைவெளியை அடைக்க அளவான வளையம் கடைகளில் கிடைக்கிறது.

இனி நட்டு. பேச்சில் முக்கியமான இடம் இதுதான்.

நட்டின் உள்ளே மரை இருக்கிறது. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாருதி சுசூகி கார்களில் 12 மில்லிமீட்டர் ஸ்டட், மரைத் தூரம் 1.25. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் ஸ்டட் அதே 12 மில்லிமீட்டர், மரைத் தூரம் 1.5. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு நட்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். மாருதி ஸ்டட்டில் டொயோட்டா நட்டைத் திருகினால் ஓரிரு சுற்று போகும். பிறகு முறுக்கும். "துரு பிடித்திருக்கு" என்று சொல்லி ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி மிதிப்பார்கள். அப்போது மரை அரைந்து போகும். நட்டு இறுகிவிட்டதாக நினைத்து வண்டியை எடுப்பார்கள். பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு மரைதான், அதுவும் அரைந்த மரை.

நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொட மாட்டார். விரலால் திருகுவார். நட்டு விரலுக்கே சுகமாக ஏற வேண்டும். அவர் சுற்றையும் எண்ணுவார். 1.25 மரையில் சுமார் 8 சுற்றாவது ஏற வேண்டும். 3 சுற்றில் நின்றால் அந்த நட்டு அந்த ஸ்டட்டுக்கு உரியதல்ல.

நட்டின் முகமும் பார்க்க வேண்டும். டிசையரின் நட்டு முகம் கூம்புபோல் சரிந்திருக்கும். ஹோண்டா தன் காருடன் தரும் நட்டின் முகம் பந்துபோல் உருண்டிருக்கும். அதற்கேற்ப ஹோண்டா ரிம்மின் துளை வாயும் குழிந்திருக்கும். குழிந்த வாயில் கூம்பு நட்டை வைத்தால் முழுவதும் படியாது, மெல்லிய கோடாகத்தான் படும். நாலு நாள் ஓடினால் தளரும். ஆகவே ஹோண்டாவின் பழைய அலாய் வீல் நான்கை மலிவாக வாங்கி டிசையருக்குப் போட நினைப்பவர், பி.சி.டி. ஒன்றுதான் என்ற நம்பிக்கையில் மூன்று பள்ளத்தில் விழுகிறார். நடுத்துளை வேறு, மரை வேறு, நட்டு உட்காரும் இடம் வேறு.

சக்கரம் வண்டிக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு நிற்கும் என்பதும் ஒரு கணக்கு. அலாய் ரிம்மின் பின்பக்கம் ஈ.டி. என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பக்கத்தில் 45 போன்ற ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் பழைய சக்கரத்தில் இருந்ததைவிட மிகவும் குறைந்தால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தும், பேரிங்குக்குப் பாரம் கூடும். மிகவும் கூடினால் உள்ளே போய் பிரேக்கிலோ ஷாக் அப்சார்பரிலோ உரசும்.

அடுத்தது டயர். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். டிசையரின் சாதா மாடல் டயரில் 165/80 ஆர் 14 என்று இருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது உயரம்: அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு. அதாவது 132 மில்லிமீட்டர். 14 என்பது ரிம், அங்குலத்தில். ஒரே டயரில் அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்து கிடப்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். 14 அங்குலம் என்பது சுமார் 356 மில்லிமீட்டர். அதன் மேலே 132, கீழே 132. கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் 620 மில்லிமீட்டர்.

எடியோஸின் சாதா மாடலில் 175/65 ஆர் 14. இதே கணக்கைப் போட்டால் 583 மில்லிமீட்டர் வரும். ரிம் ஒன்று, ஆனால் சக்கரம் 37 மில்லிமீட்டர் குட்டை. ஒரு கிலோமீட்டர் ஓட டிசையர் சக்கரம் ஏறக்குறைய 514 சுற்றுச் சுற்றும். எடியோஸ் சக்கரம் 546 சுற்ற வேண்டும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் மற்றொன்று என்று மாட்டினால் என்ன ஆகும்? வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் கூடவும் ஒரு சக்கரம் குறையவும் சுற்றுவதற்காகத்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அளவு மாறினால் அது நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்யும், சூடாகும். வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும்.

டயரில் அளவுக்குப் பின்னால் 85 டி என்பதுபோல ஒரு குறிப்பு உண்டு. 85 என்றால் அந்த ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ. கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த எண் உள்ள டயரைப் போட்டுவிட்டு, ஐந்து பேரையும் அவர்கள் மூட்டைகளையும் ஏற்றக்கூடாது. பழைய டயர் வாங்கும்போது நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. காயலான் கடைக்காரர் "புதுசு மாதிரி" என்று சொல்லட்டும், எண் அதன் வயதைச் சொல்லிவிடும்.

அப்படியானால் சக்கரத்தை மாற்றவே கூடாதா? தாராளமாக மாற்றலாம். டிசையரின் விலை கூடிய மாடலுக்கு 185/65 ஆர் 15 டயர் வருகிறது. மொத்த உயரம் சுமார் 621 மில்லிமீட்டர். 620க்கு மிக நெருக்கம்! கம்பெனியே கணக்குப் பார்த்துச் செய்தது. அதே ஆண்டு மாடலின் அந்த ரிம்மும் டயரும் நான்கும் கிடைத்தால் சாதா மாடலில் மாட்டுவதில் தவறில்லை. எந்த அளவு ஏற்றது என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும், காரின் கையேட்டிலும் இருக்கும்.

சட்டமும் இதில் உண்டு. கேரளத்தில் தொடங்கிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தரவில்லை என்பதே தீர்ப்பு. மட்கார்டைத் தாண்டி அரை அடி துருத்தும் சக்கரத்தோடு போகிறவரை மோட்டார் வாகனத் துறை நிறுத்தினால் ஆச்சரியப்பட வேண்டாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கும்.

சரி, கல்லாற்றுக்குத் திரும்புவோம். இருட்டிக்கொண்டு வருகிறது. மழையும் தூறுகிறது. பெரியவரும் இளைஞரும் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வண்டிக்கும் பி.சி.டி. 100தான். நடுத்துளையும் ஒன்றுதான். எனவே சக்கரம் ஏறும். இளைஞர் தன் நட்டுகளையும் சேர்த்து நீட்டினால் பெரியவர் வாங்கக்கூடாது. அவருடைய ஸ்டட்டுக்கு அவருடைய வண்டி நட்டுதான்.

அடுத்து, குட்டைச் சக்கரத்தை முன்னால் மாட்டக்கூடாது. டிசையரில் என்ஜின் சுழற்றுவது முன் சக்கரங்களை. ஆகவே பின்பக்கத்து நல்ல சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட வேண்டும். எடியோஸ் சக்கரத்தைப் பின்னால் போட வேண்டும். இரண்டு முறை ஜாக்கி வைக்க வேண்டும், கை வலிக்கும், வண்டியில் வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். ஜாக்கியை இறக்கும் முன் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்காவது உரசுகிறதா என்று காது கொடுக்க வேண்டும். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிர் எதிராக இறுக்க வேண்டும்.

பிறகு நாகர்கோவிலை மறந்துவிட்டு, விதுராவில் இருக்கும் பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக உருட்ட வேண்டும். இளைஞர் பின்னாலேயே வரட்டும். அங்கே பஞ்சரான டயரைச் சரிசெய்து, டிசையரின் நான்கு சக்கரமும் டிசையருக்கே திரும்பிய பிறகு, ஸ்டெப்னியை இளைஞரிடம் ஒப்படைக்கலாம். 50 கிலோமீட்டர் போனதும் எங்காவது டீக்கடையில் நிறுத்தி நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

டிக்கியில் பெரியவருடைய சொந்த ஸ்டெப்னி இன்னும் காற்றில்லாமல் கிடக்கிறது. விதுராவை விட்டுக் கிளம்பும் முன் அதற்கும் காற்று அடித்தாக வேண்டும்.