கையை விட்டு நீங்கக் கூடாத பை

(உம்ராப் பயணிகள் வழியனுப்பு நிகழ்ச்சியில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



உம்ராவின் செயல்முறைகளைச் சென்ற இரு வகுப்புகளில் விரிவாகக் கூறியிருக்கிறோம். இன்று பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "ஹஜ்ரத் மிம்பரில் பேச வேண்டியவர், பெட்டி படுக்கையைப் பற்றிப் பேசுகிறாரே" என்று எவரும் எண்ண வேண்டாம். யமன் தேசத்தார் சிலர் வழிச்செலவுப் பொருள் ஏதுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, இறைவன் மீது பொறுப்புச் சாட்டியதாகக் கூறி, மக்கா வந்ததும் மக்களிடம் கையேந்தி நின்றனர் என்பதும், அதனையொட்டியே பயணச் சாதனத்தைத் தேடிக் கொள்ளுமாறு இறைவசனம் இறங்கியது என்பதும் நம்மில் பலர் கேள்விப்பட்ட செய்திதான். ஆகவே மூட்டை கட்டுவதும் மார்க்கத்துக்குப் புறம்பான பேச்சன்று.

2018-ஆம் ஆண்டில் நம் மஹல்லாவிலிருந்து ஒரு குழுவினரை உம்ராவுக்கு அழைத்துச் சென்றோம். புறப்படுமுன் இதே மேடையில் நின்று, "முக்கியமான பொருள்கள் எல்லாவற்றையும் விமானத்துக்குள் எடுத்துச் செல்லும் டிராலிப் பெட்டியில் வையுங்கள், பெரிய பெட்டியில் வைக்காதீர்கள்" என்று உறுதியாகச் சொன்னவர் நாமே. நம் சொல்லைத் தட்டாத ஒரு பெரியவர் அவ்வாறே செய்தார். இஹ்ராம் துணி, இன்சுலின் பேனா, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, மூக்குக் கண்ணாடி அனைத்தும் அந்தச் சிறு பெட்டிக்குள் இருந்தன.

வளைகுடாவின் விமான நிலையம் ஒன்றில் விமானம் மாறினோம். ஏனையோர் அங்கேயே குளித்து இஹ்ராம் உடுத்திக் கொண்டனர். பெரியவர் மட்டும், "குளிர் தாங்காது ஹஜ்ரத், மீகாத்துக்கு முன்னால் விமானத்திலேயே மாற்றிக் கொள்கிறேன்" என்றார். நாமும் சரியென்றோம். இரண்டாவது விமானம் நிறைந்து வழிந்தது. மேலே பெட்டி வைக்கும் அறைகளில் இடமில்லை என்று கூறி, வாயிலில் நின்ற ஊழியர்கள் பின்வரிசையில் வந்தோரின் டிராலிப் பெட்டிகளை வாங்கி, சீட்டு ஒட்டி, கீழே சரக்கறைக்கு அனுப்பத் தொடங்கினர். பெரியவருக்கு அவர்கள் பேசிய மொழி விளங்கவில்லை. ஏதோ மரியாதைக்கு வாங்கி வைக்கிறார்கள் என்று நினைத்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார். நாம் முன்வரிசையில் தஸ்பீஹ் ஓதிக் கொண்டிருந்தோம். பின்னால் நடப்பதைப் பார்க்கவில்லை.

விமானம் மேலெழும்பி நெடுநேரம் சென்ற பின் அவர் நம் இருக்கையருகே வந்து, "ஹஜ்ரத், இஹ்ராம் துணி பெட்டியோடு போய்விட்டது" என்றார். அவர் குரல் நடுங்கியது இன்றும் நம் காதில் இருக்கிறது.

இங்கே சட்டத்தைச் சற்று நினைவுபடுத்துகிறோம். கப்பலில் சென்ற காலத்தில் நம் முன்னோர் யலம்லமுக்கு நேராக வரும்போது கடலிலேயே இஹ்ராம் அணிந்தனர். கப்பல் மெதுவாகச் செல்லும், அவகாசம் இருந்தது. இப்போது வளைகுடா வழியாக ஜித்தா செல்லும் விமானங்கள் தாயிஃபை அடுத்த கர்னுல் மனாஸில் எல்லையை வானிலேயே கடக்கின்றன. மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஊர்தியில் எல்லை கடந்து போவது ஒரு நொடி. உம்ராவை நாடியவர் இஹ்ராம் இல்லாமல் அதைக் கடந்தால் மீகாத்துக்குத் திரும்பிச் செல்ல வேண்டும், இல்லையேல் தம் என்னும் பலி கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். நேரே மதீனா செல்வோருக்கு இந்த அவசரம் இல்லை. அவர்களுக்கு துல்ஹுலைஃபா காத்திருக்கிறது.

நம் தோள்பையில் மூட்டாத வெள்ளை வேட்டி ஒன்று இருந்தது. குழுவில் ஓர் இளைஞர் தம்மிடமிருந்த பெரிய துண்டைக் கொடுத்தார். இஹ்ராம் என்று கடையில் விற்கும் துணிக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை. தைக்கப்படாத இரு துணிகள், அவ்வளவுதான். நம் ஊர் வேட்டியும் துண்டும் தாராளமாகப் போதும். (மூட்டிய கைலியைப் பற்றிக் கேட்பீர்கள், அதைத் தவிர்த்து விடுங்கள்.) அவர் உடுத்தி, மீகாத்துக்கு முன்பே நிய்யத் செய்து தல்பியா முழங்கினார். துணியே கிடைக்காத நிலையிலும் நிய்யத்தைத் தள்ளிப் போடக் கூடாது என்பதைச் சகோதரர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நிய்யத் செய்து கொண்டு, தைத்த ஆடைக்கான பரிகாரத்தைப் பின்னர் ஆலிம்களிடம் கேட்டு நிறைவேற்றலாம்.

இஹ்ராம் பிரச்சினை இவ்வாறு தீர்ந்தது. இன்சுலின் பிரச்சினை ஜித்தாவில் தொடங்கியது. எல்லோர் பெட்டியும் வந்தது, அவர் பெட்டி வரவில்லை. எந்த இன்சுலின் என்று கேட்டால், "நீல மூடி போட்ட பேனா" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மருத்துவச் சீட்டும் பெட்டிக்குள்தான். ஊரிலுள்ள அவர் மகளை நள்ளிரவில் எழுப்பி, வீட்டில் கிடந்த பழைய அட்டைப்பெட்டியின் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லி, ஒரு மருத்துவரிடம் எழுதி வாங்கி, மருந்து கைக்கு வரும்போது பஜ்ரு நேரமாகிவிட்டது. அதற்குள் சர்க்கரை ஏறி அவர் தளர்ந்துவிட்டார். இஹ்ராமிலேயே இரு நாள் படுத்திருந்து, மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் தவாஃப் செய்தார். அவருடைய துணைவியார் நம்மை ஒரு சொல் குறை கூறவில்லை. அதுவே நமக்குப் பெரும் பாரமாக இருந்தது.

அன்றைக்கு நாம் சொன்னதில் இருந்த பிழை என்ன? விமானத்துக்குள் கொண்டு செல்லும் பெட்டி நம் கையிலேயே இருக்கும் என்று நம்பினோம். வாயில் வரை அது நம்முடையது. இடமில்லையென்றால் அதற்குப் பின் அது சரக்கு. ஆகவே டிராலிக்குள்ளோ அதற்கு வெளியிலோ, தோளில் மாட்டும் சிறு பை ஒன்று தனியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட், குறைந்தது சில நாள்களுக்கான மருந்து, மருத்துவர் சீட்டு, கண்ணாடி, இஹ்ராம் துணி, தாளில் எழுதிய தொலைபேசி எண்கள் ஆகியவை அதில். டிராலியைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், பையைக் கொடுக்காதீர்கள். இன்சுலினைச் சரக்கறைக்கு அனுப்பவே கூடாது. அங்கே உறைந்து போனால் அம்மருந்து பயனற்றதாகிவிடும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண வகுப்பில் பெரும்பாலான நிறுவனங்கள் உள்ளே அனுமதிப்பது 7 கிலோ. அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டில் பார்த்துக் கொள்ளுங்கள். திரவங்களுக்கு 2006-ஆம் ஆண்டு லண்டனில் கண்டுபிடிக்கப்பட்ட சதித் திட்டத்துக்குப் பின் வந்த கட்டுப்பாடு நம் நாட்டுச் சர்வதேசப் பயணங்களில் இருக்கிறது: ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிக்குள், எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் பைக்குள். அத்தரும், எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் இதில் சேரும். மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. சீட்டைக் கையில் வையுங்கள். முடி குறைக்கும் கத்தரிக்கோல் பெரிய பெட்டிக்குப் போகட்டும்.

பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். அது பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது. மேலே தீப்பிடித்தால் பணியாளர் அணைப்பார்கள், சரக்கறையில் யார் அணைப்பது? 2025 ஜனவரி 28-ஆம் நாள் தென்கொரியாவின் பூசான் நகரில் புறப்படவிருந்த பயணிகள் விமானம் ஒன்று தீக்கிரையானது; பவர் பேங்க் காரணமாயிருக்கலாம் என்று விசாரணையில் கூறப்பட்டது. இறையருளால் அனைவரும் உயிர் தப்பினர். அதன் பின் பல நிறுவனங்கள், விமானத்தில் அதைப் பயன்படுத்துவதையே தடுத்துள்ளன. 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி, 20,000 எம்.ஏ.ஹெச். என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய 74 வாட்-மணி, கவலை வேண்டாம். வாயிலில் டிராலியை வாங்கினால் இதை வெளியே எடுத்துக் கொள்ளுங்கள்.

பிறர் தரும் பார்சலை வாங்காதீர்கள். கசகசா நம் வீட்டில் குருமாவுக்கு, சவூதியில் அது தடை செய்யப்பட்ட பொருள். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஜம்ஜம் 5 லிட்டர் புட்டியைத் திரும்பும்போது விமான நிலையத்தில் வாங்கித் தனியாக ஒப்படையுங்கள், பெட்டிக்குள் வைக்காதீர்கள். பெட்டிக்குக் கயிறு கட்டும் நம் ஊர்ப் பழக்கத்தை ஜித்தாவில் ஏற்பதில்லை, பூட்டோடு விட்டுவிடுங்கள்.

பெட்டி வரவில்லையென்றால், நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதி எண் வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய சீட்டை எறியாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் நம் நாடும் சேர்ந்துள்ளது. அதன்படி 21 நாள் வரை வராத பெட்டி தொலைந்ததாகக் கருதப்படும்; இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். என்னும் சர்வதேசக் கணக்கலகு. பெரியவரின் பெட்டி நான்காம் நாள் வந்துவிட்டது. இன்சுலினை நாம் எடுத்துப் போட்டுவிட்டோம்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பின் மதரஸா வராந்தாவில் தராசு வைக்கப்படும். பயணிகள் அனைவரும் டிராலியையும் தோள்பையையும் கட்டிய நிலையில் கொண்டு வரவும். மருந்து உட்கொள்வோரின் சீட்டுகளை இரு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை நம்மிடமும் தரவும். வஸ்ஸலாம்.